கத்தரிப்பூ நிறப் பை

ஜெயினுலாபுதீனால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டீ வாங்கினால் கிளாஸோடு வெளியே வந்துவிடுவார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேதான் வருவார். கண் மட்டும் ஜனங்களின் கைகளின் மேலேயே இருக்கும். யார் என்ன பை வைத்திருக்கிறார்கள், அதில் எந்தக் கடையின் பெயர் இருக்கிறது, எழுத்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கைப்பிடி எந்த இடத்தில் பிய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். அது அவருடைய பிழைப்பு.

கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் போட்டு ஜனங்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் சாமான்களுக்கு ஆர்டர் பிடித்துத் தருகிறவர் அவர். காலண்டர், துணிப்பை, அட்டை விசிறி, கைக்கண்ணாடி, சட்டைப்பையில் வைக்கும் டைரி. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், புதுப்பட்டினம் வழியாகக் கடப்பாக்கம் வரைக்கும், இந்தப் பக்கம் மாமல்லபுரம் வரைக்கும் அவருக்குப் பார்ட்டிகள் உண்டு. ஆர்டர் கொடுக்கிற கடைக்காரரைப் பார்ட்டி என்பது அந்தத் தொழிலின் வழக்கம்.

பிறந்தது புதுப்பட்டினத்தில். அப்பா சந்தை சந்தையாகப் போய் ஊசி, நூல், பொத்தான் விற்றவர். ஜெயினுலாபுதீன் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, இருபது வயதில் சிவகாசிக் காலண்டருக்கு ஆர்டர் பிடிக்கிற வேலையில் சேர்ந்தார். முருகன், லட்சுமி, மெக்கா, மாதா, சிரிக்கிற குழந்தை என்று நாற்பது படங்கள் ஒட்டிய ஆல்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் சுற்றினார். யாரும் அவருக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கொடுத்த காலண்டர் ஆறு மாதம் கழித்து எந்த வீட்டில் ஆணியில் இருக்கிறது, எந்த வீட்டில் அடுப்புக்குப் போய்விட்டது என்று அவரே போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

கடப்பாக்கத்தில் வலை நூல் விற்கிற ஒரு கடைக்காரர், மீன் பிடிக்கிறவர்களுக்குக் கொடுக்கப் பேனா வேண்டும் என்று கேட்டார். ஜெயினுலாபுதீன் ஆர்டரை எழுதவே இல்லை. இரண்டு நாள் கடற்கரையில் போய் நின்றார். கட்டுமரத்தில் போகிறவர்கள் பீடியையும் தீப்பெட்டியையும் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு போவதையும், நனைந்த பீடியைத் திட்டிக்கொண்டே திரும்புவதையும் பார்த்தார். வாயை மடித்து இறுக்கிக் கட்டுகிற மாதிரி பிளாஸ்டிக்கில் சின்ன உறை செய்து, கடைப் பெயரைப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கடையின் பெயர் தினமும் கடலுக்குப் போய் வந்தது.

பை விஷயத்தில் அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. ஒரு பார்ட்டிக்கு ஒரு கலர். செங்கல்பட்டு பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற கோபாலகிருஷ்ணனுக்கு மஞ்சள். விதைக் கடைக்கு இலைப் பச்சை. நகைக்கடைக்குச் சிவப்பு. வேறு யார் வந்து மஞ்சள் கேட்டாலும் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "பாதி ஜனத்துக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. கலரு எல்லாருக்கும் தெரியும்" என்பார். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பை யாருடையது என்று தெரிய வேண்டும். பதினைந்து வருஷமாக இந்த வழக்கத்தை அவர் ஒரு தடவைகூட மீறியதில்லை. பார்ட்டிகள் அவரை விடாமல் வைத்திருந்ததற்கும் அதுதான் காரணம்.

1974 மே மாதத்தில் மோசஸ் அவரைத் தேடி வந்தார். மோசஸுக்கு முப்பது வயதிருக்கும். நல்வழி மருத்துவச் சங்கம் என்ற தர்ம ஸ்தாபனத்தில் வேலை. சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஜனங்களின் தோலைப் பார்த்து, உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று பஞ்சால் தொட்டுப் பரிசோதிப்பார். தொழுநோய் என்று தெரிந்தால் சங்கத்தின் வைத்திய ஷெட்டுக்கு வரச் சொல்வார். ஷெட் திருக்கழுக்குன்றத்துக்கு வெளியே ரோட்டோரமாக இருந்தது. மாதத்தில் மூன்றாவது வியாழக்கிழமை டாக்டர் வருவார். ஒரு மாதத்து மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

"பாய், எங்க சங்கத்துக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றார் மோசஸ். "இப்படி ஒரு ஷெட் இருக்குதுன்னே பாதிப் பேருக்குத் தெரியல. மெட்ராஸ்ல ஒரு புண்ணியவான் செலவ ஏத்துக்கினாரு."

"மாத்திரைய எதுல வாங்கிகினு போறாங்க?"

"பேப்பர்ல மடிச்சித் தருவோம். முந்தானையில முடிஞ்சிக்குவாங்க."

"மழ வந்தா?"

"கரைஞ்சி பூடும். அடுத்த மாசம் வந்து டாக்டர் கிட்ட திட்டு வாங்குவாங்க."

ஜெயினுலாபுதீன் எழுந்து நடக்க ஆரம்பித்தார். நடந்தால்தான் அவருக்கு யோசனை வரும். கைப்பிடிக்குக் கீழே உள்பக்கமாக ஒரு சின்னப் பாக்கெட், மேலே மடிப்பு, அதற்குள் மாத்திரை. பை நிறைய அரிசி வாங்கினாலும் மாத்திரை நசுங்காது. முன்பக்கத்தில் விரித்த இரண்டு கைகளின் படம். கீழே 'உணர்ச்சியில்லாத தேமலா? மருந்து இலவசம். மூன்றாம் வியாழன்' என்ற எழுத்து. கலர் மட்டும் யோசிக்க வேண்டியிருந்தது. எந்தப் பார்ட்டிக்கும் போகாத கலர் ஒன்றுதான் மீதி இருந்தது. கத்தரிப்பூ நிறம்.

மாதிரிக்குக் கொண்டுவந்த துண்டுத் துணியைப் பார்த்ததும் மோசஸ் தயங்கினார். "இவ்ளோ பளிச்சுனு இருக்கணுமா பாய்?"

"பளிச்சுனு இல்லாட்டி எதுக்குய்யா பை? நூறு பேரு கும்பல்ல நின்னாலும் இது உங்க சங்கத்துப் பைன்னு தெரியணும்."

மோசஸ் துண்டுத் துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டார்.

நானூறு பை. செங்கல்பட்டில் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்கிற ஆபிரகாமின் கொட்டகையில் அச்சு ஏறியது. ஜூன் மாத வியாழக்கிழமை, மாத்திரை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பை கொடுத்தார்கள். மிச்சத்தை மோசஸ் ஊர் ஊராக எடுத்துப்போய், ஷெட்டுக்கு வரவேண்டியவர்களின் வீடுகளில் கொடுத்தார். அடுத்த பத்து நாளும் ஜெயினுலாபுதீன் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கத்தரிப்பூ நிறத்தைத் தேடிக்கொண்டே போனார். வயல் வரப்பில் ஒன்று. புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் இரண்டு. இரண்டு பர்லாங்குக்கு அப்பாலிருந்தே தெரிந்தது. பதினைந்து வருஷத்தில் இவ்வளவு தூரம் தெரிகிற பையை அவர் போட்டதில்லை.

ஜூலை மாத மூன்றாவது வியாழக்கிழமை. திருக்கழுக்குன்றத்திலிருந்து புதுப்பட்டினம் போகிற பஸ். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஏறினாள். கையில் பை. அதை உள்வெளியாகத் திருப்பிப் பிடித்திருந்தாள். ஆனால் அச்சு மை துணியில் ஊறி மறுபக்கமும் அந்த இரண்டு கைகளைக் காட்டியது. காட்டாவிட்டாலும் கலரை என்ன செய்வது?

காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏ, கத்திரிக்கா பை! அங்க உக்காராத. கடைசிக்குப் போ."

பக்கத்தில் இருந்த பெரியவர் வேட்டியை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜெயினுலாபுதீன் கம்பியை விட்டுவிட்டு முன்னால் வந்தார்.

"அண்ணாத்த, டிக்கெட் வாங்குற ஆளு எங்க வேணா உக்காரலாம்."

"நீ பக்கத்துல உக்காருவியா பாய்?"

"உக்கார்றேன்யா" என்று போய் உட்கார்ந்தார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் அவரை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. எழுந்து, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். தூறல் மழையாகியிருந்தது. அங்கிருந்து புதுப்பட்டினத்துக்கு இன்னும் எட்டு மைல் இருக்கும்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் பையிலிருந்து சாயம் ஒழுகி அவள் கை கத்தரிப்பூ நிறமாகிக்கொண்டிருந்தது. இது யாருடைய பை என்று பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் ஆசைப்பட்டதும் அதைத்தான்.

செப்டம்பர் மாதம் மோசஸைச் செங்கல்பட்டில் பார்த்தபோது கேட்டார். "மோசஸு, புதுப்பட்டினம் பஸ்ல வர்ற பொண்ணு ஒண்ணு. செவப்பா, மூக்குல கல்லு. வருதா?"

"பொன்னி. புதுப்பட்டினம்தான், கல்பாக்கம் குவாட்டர்ஸ்ல ஒரு ஆபீசர் வூட்ல வேல செய்யுது. ரெண்டு மாசமா வரல பாய். அது மட்டும் இல்ல, முப்பது நாப்பது பேரு வரல." மோசஸ் தன் இடது கையை நீட்டிக் காட்டினார். "அதுக்கு இந்தச் சுண்டு விரல் ஏற்கெனவே பலம் கொறஞ்சிகினு இருந்திச்சி. மாத்திரை சாப்ட்டா அங்கயே நின்னுடும். சாப்டலேன்னா ஒண்ணொண்ணா மத்த விரலும் மடங்கும். வேல செய்யிற பொண்ணு."

"பைய எல்லாம் திருப்பி வாங்கிடு."

"வாங்கலாம்னு டாக்டரும் சொன்னாரு. பாதிப் பேரு குடுக்க மாட்டேன்றாங்க. வூட்ல வேற பை கெடையாது. மிச்சப் பேருகிட்ட வாங்கினா, வச்சிருக்கிறவங்க இன்னும் தனியாத் தெரிவாங்க."

ரம்ஜான் நோன்பு ஆரம்பித்திருந்தது. ஜெயினுலாபுதீன் நோன்போடு வெயிலில் சுற்றினார். எங்கே போகிறோம் என்பதே சில நாள் அவருக்குத் தெரியவில்லை. விதைக் கடைக்குப் போகக் கிளம்பி மாமல்லபுரத்தில் போய் நின்றார். சாயங்காலம் நோன்பு திறக்கும்போதுகூடக் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். அவருடைய மனைவி சைதூன் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள்.

"இன்னாங்க இது, கால்ல சக்கரமா? ஒரு வா கஞ்சியாவது உக்காந்து குடிங்களேன்."

"நான் போட்ட கலர்னால ஒரு பொண்ணுக்கு வெரல் போவப் போவுது சைதூன்."

"அப்ப அந்தப் பொண்ணப் போய்ப் பாருங்க. வாசல எதுக்கு அளந்துகினு கீறீங்க?"

மோசஸோடு போனால் ஊர் பார்க்கும். மோசஸின் சைக்கிள் எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் நோய் என்று அர்த்தம். அதனால் ஜெயினுலாபுதீன் தனியாக, தோளில் விசிறிக் கட்டோடு, கடை கடையாகப் போகிறவர் மாதிரிப் புதுப்பட்டினத்துக்குப் போனார். பொன்னி வேலை முடிந்து வந்து, அடி பம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா செங்கம்மாள் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் யார், எதற்கு வந்தார் என்று தணிந்த குரலில் சொன்னார்.

பொன்னி பம்பை நிறுத்தினாள். "பஸ்ல வந்து பக்கத்துல குந்துன ஆளு தான நீ? அந்தப் பையத் தச்சவனும் நீதானா? நல்லாச் செஞ்ச பாய்."

"தப்புதாம்மா."

"மறுநாளு பாத்திரம் தேய்க்கிறேன், ஆபீசர் வூட்டு அம்மா கேக்குறாங்க, 'கையில இன்னா கலரு பொன்னி'ன்னு. நாவப்பழம் தின்னேன்னு சொன்னேன். நாக்க நீட்டச் சொல்லியிருந்தாங்கன்னா நான் செத்தேன். வடக்கத்தி அம்மா, அந்தக் கலரு இன்னான்னு அதுக்குத் தெரியல."

"பை வேணாம். சும்மா போயி மாத்திரை வாங்கிக்க."

"சும்மா போனா மட்டும்? எறங்குற எடத்துல பத்துப் பேரு அதே பையோட நிக்கிறான். அவங்க பின்னால நடந்தா போதும், எல்லாருக்கும் தெரிஞ்சிபூடும்."

செங்கம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "வெரலு பூட்டா வேலயே பூடுமேடி."

"வேல பூட்டா வெரல வச்சிகினு இன்னா பண்றது?" பொன்னி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இடது கையின் சுண்டு விரல் குடத்தின் கழுத்தைப் பிடிக்காமல் தனியாக நின்றது. ஜெயினுலாபுதீன் அதைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"இன்னா பாக்குற? போ பாய். போயி ஊருக்கே அந்தப் பையக் குடு. அந்த ஆபீசர் வூட்டு அம்மா கையிலயும் குடு, அந்தக் கண்டக்டர் பொண்டாட்டி கையிலயும் குடு. அப்ப வரேன் நானு."

அவரை விரட்டத்தான் அப்படிச் சொன்னாள். அவர் விசிறிக் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

ரம்ஜானும் தீபாவளியும் அடுத்தடுத்து வருகிற வருஷம் அது. எல்லாக் கடைக்கும் பை வேண்டிய நேரம். மறுநாள் காலையில் கோபாலகிருஷ்ணனின் ஜவுளிக்கடையில் போய் நின்றார்.

"முதலாளி, இந்த வருஷம் கலர மாத்திப் பாக்கலாமா? மெட்ராஸ்ல இப்ப இதான் பேஷன்."

கோபாலகிருஷ்ணன் துண்டுத் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது பெருநோய்க்காரங்க பையாச்சே."

ஜெயினுலாபுதீன் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"பாய், பன்னண்டு வருஷமா என் மஞ்சள வேற யாருக்கும் குடுக்காம காப்பாத்தின. அதுக்காக உன்ன மெச்சுறேன். ஆனா என் கடைப் பையப் பாத்து ஜனம் ஒதுங்கினா எனக்கு நீயா வந்து வியாபாரம் பண்ணுவே? இன்னொரு தரம் இதக் கொண்டு வந்தே, காலண்டரும் வேற ஆளுகிட்டப் பூடும்."

நகைக்கடையில் இதே பதில், கொஞ்சம் மரியாதையாக. விதைக் கடைக்காரர் சிரித்தார். ஒரு வார காலம் அலைந்ததில் ஒன்பது பார்ட்டிகள் முடியாது என்றார்கள். அதில் இரண்டு பேர் வழக்கமாக எடுக்கிற பையைக்கூட வேண்டாம் என்றார்கள். புதுப்பட்டினத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிற நூர்முகமது மட்டும் சம்மதித்தார். சைதூனின் தம்பி. "மச்சான், பெருநாளைக்கு ஏழைங்களுக்கு அரிசி குடுப்பேன் இல்ல? இதுல போட்டுக் குடுத்துடறேன்."

ஜெயினுலாபுதீன் வேண்டாம் என்றுவிட்டார். நூர்முகமதுக்குப் புரியவில்லை. "ஊரு பூரா கெஞ்சிட்டு என்னை வேணான்றியே!"

"ஏழை கையில இருக்கிறதால தான்டா அத்தப் பாத்து ஒதுங்குறான். இது யாரும் ஒதுக்க முடியாத கையில இருக்கணும்."

அப்படிப்பட்ட கைகள் கல்பாக்கம் குவாட்டர்ஸில் இருந்தன. அணுமின் நிலைய வேலைக்காக வங்காளத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த குடும்பங்கள். அந்தக் கலருக்கு இந்தப் பக்கத்தில் என்ன அர்த்தம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மளிகை வாங்குகிற கடை, புதுப்பட்டினத்தில் நரசிம்மன் என்பவர் புதிதாகத் திறந்தது. விழுப்புரத்திலிருந்து வந்த ஆள். அவருக்கு இன்னும் சொந்தக் கலர் இல்லை.

இந்தத் தடவை சாயத்தில் ஜெயினுலாபுதீன் யாரையும் நம்பவில்லை. துணியை இரண்டு தரம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளை வேட்டித் துண்டில் தேய்த்துப் பார்த்து, கறை ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகே ஆபிரகாமிடம் அனுப்பினார். உள்பக்கப் பாக்கெட்டையும் அப்படியே வைத்தார். சில்லறைக் காசு போட என்று நரசிம்மனிடம் சொன்னார். முன்பக்கம் கடைப் பெயர். மாதிரிப் பையைப் பார்த்த நரசிம்மனுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"நல்ல கலரா இருக்கே. இத எப்படி ஒருத்தரும் எடுக்காம விட்டாங்க?"

ஜெயினுலாபுதீன் ஆர்டர் புத்தகத்தைப் பிரித்தார். ஆர்டரை எழுதிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அறுநூறு பை. தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பிருந்து, சாமான் வாங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று.

நான்கு நாளில் அவை வெளியே வந்தன. பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் அதில் பட்டாசு வாங்கிப் போனாள். ஜீப்பில் முன் சீட்டில் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் புத்தகம் எடுத்துப் போனார்கள். ஜெயினுலாபுதீன் இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்து நடந்தார். ஆனால் நரசிம்மனின் கடைப் பக்கம் மட்டும் போகாமல் சுற்றிப் போனார். ஒரு பார்ட்டியிடம் அவர் எதையும் மறைத்தது கிடையாது. அறுநூறும் தீர்ந்த அன்று காலையில் கடைக்குப் போய், கல்லாவுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் நரசிம்மனிடம் சொல்லிவிட்டார்.

நரசிம்மன் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு அப்படியே நின்றது.

"இத ஏன்யா இப்ப வந்து சொல்றே?"

"சொல்லாம இருக்க முடியல."

"மொதல்லயே சொல்லியிருந்தா வேணாம்னிருப்பேன். சொல்லாமலே விட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். ரெண்டுங்கெட்டானா வந்து சொல்றியே!" பருப்பைக் கொட்டிவிட்டு வாசலைப் பார்த்தார். குவாட்டர்ஸ் அம்மாள் இரண்டு பேர் கத்தரிப்பூ நிறப் பையோடு படியேறிக்கொண்டிருந்தார்கள். நரசிம்மன் குரலைத் தாழ்த்தினார். "வாய மூடிகினு போ. யாருகிட்டயும் சொல்லாத. இன்னும் இருநூறு வேணும்."

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த அம்மாள்கள் துணி வாங்கச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார்கள். கோபாலகிருஷ்ணன் ஆள் அனுப்பி ஜெயினுலாபுதீனைக் கூப்பிட்டார்.

"என்ன பாய், ஆபீசர் வூட்டு லேடீஸ் எல்லாம் அந்தக் கலர் பையோட வர்றாங்க! எவனோ மளிகைக்கடைக்காரனுக்குக் குடுத்திருக்கே. பன்னண்டு வருஷப் பார்ட்டி நான், என்கிட்ட ஒழுங்கா எடுத்துச் சொல்லத் தெரியலையா உனக்கு?"

"சொன்னேனே முதலாளி."

"சொன்னே, சொன்னே. அழுத்திச் சொல்லணும்யா. பொங்கலுக்கு எனக்கும் அதுல போடு. மஞ்சளும் இருக்கட்டும்."

பதினைந்து வருஷ வழக்கம் அங்கேயே முடிந்தது. ஜெயினுலாபுதீனுக்கு அதைப் பற்றி வருத்தப்பட நேரமில்லை. தீபாவளி கழிந்த அடுத்த வாரம் நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை. பொன்னி மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடவில்லை. புதுப்பட்டினத்தில் அவளைத் தூரத்திலிருந்து இரண்டு தடவை பார்த்தார். பேசப் போகவில்லை. போனால் திட்டுவாள் என்பதைவிட, வர மாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே ஷெட் வாசலில் போய் நின்றார். முன்னும் பின்னும் நடந்தார். மோசஸ் வெளியே வந்தார்.

"பாய், நீங்க இங்க நிக்காதீங்க. பைக்காரர்னு உங்கள எல்லாருக்கும் தெரியும். உங்களப் பாத்தா, வர்றவங்களும் திரும்பிப் போயிடுவாங்க."

அது நியாயம்தான். ரோட்டைத் தாண்டி, மலைக்கோயிலுக்குப் போகிறவர்களும் இறங்குகிற பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். உச்சிவேளையில் பிரசாதம் தின்னக் கோயிலுக்குக் கழுகு வருகிற நேரத்துக்கு மலையேறப் போகிற கூட்டம் பஸ் பஸ்ஸாக இறங்கியது. குவாட்டர்ஸ் குடும்பங்கள், தேங்காய் பழம் வைத்த கத்தரிப்பூ நிறப் பைகளோடு இறங்கின. கிராமத்து ஜனங்களும் அதே நிறப் பைகளோடு இறங்கினார்கள். சில பைகளில் இரண்டு கைகள், சிலவற்றில் நரசிம்மனின் கடைப் பெயர். கூட்டத்தின் நெருக்கத்தில் எதுவும் தெரியவில்லை. கோயிலுக்குப் போகிறவர் யார், ஷெட்டுக்குப் போகிறவர் யார் என்று அவருக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டக்டர் எல்லாரையும் ஒரே மாதிரி விரட்டிக்கொண்டிருந்தார். "எறங்கு, எறங்கு, மலைக்குப் போறவங்க எல்லாம் எறங்கு!"

பத்தரை மணி பஸ்ஸில் பொன்னி இல்லை. பதினோரு மணி பஸ்ஸிலும் இல்லை. பதினொன்றேகால் பஸ்ஸில் ஒரு வடக்கத்தி அம்மாள் குழந்தையோடு இறங்கினாள். அவள் பின்னால் தேங்காய் வைத்த கத்தரிப்பூ நிறப் பையைத் தூக்கிக்கொண்டு பொன்னி. ஜெயினுலாபுதீன் மரத்துக்குப் பின்னால் மறைந்தார். அம்மாளோடு வந்திருக்கிறாள். இன்றைக்கும் போக முடியாது.

இரண்டு பேரும் மலைப் பாதையில் நடந்தார்கள். ஜெயினுலாபுதீன் அங்கேயே நின்றார். கழுகு வந்து போயிருக்க வேண்டும், மேலேயிருந்து சத்தம் கேட்டு அடங்கியது. ஒரு மணிக்குப் பொன்னி தனியாக, வேகமாக வந்தாள். கையில் பை காலியாக ஆடிக்கொண்டிருந்தது. ரோட்டைத் தாண்டப் போனவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா பாய், மரத்த புடிச்சிகினு நிக்கிற? விழுந்துடுமா?"

"அம்மா எங்க?"

"பிரசாதம் வாங்கி மண்டபத்துல குந்திகினு கீறாங்க. கொழந்த தூங்கிடுச்சி. கடைக்குப் போயி வெத்தல வாங்கியாறேன்னு வந்தேன்." போகத் திரும்பியவள் நின்றாள். "எங்க அம்மா கையிலயே குடுத்துட்டியே. பெரிய ஆளு தான் நீ. அந்தக் கண்டக்டர் பொண்டாட்டிக்குக் குடுத்தியா?"

"இன்னும் இல்லம்மா."

"குடு" என்று சொல்லிவிட்டு ஷெட் பக்கம் நடந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கால் மணி நேரத்தில் வெளியே வந்து, வெற்றிலைக் கடையில் நின்றுவிட்டு மலைப் பாதையில் போய்விட்டாள். மூன்று மணிக்கு டாக்டரின் வண்டி கிளம்பிய பிறகு ஜெயினுலாபுதீன் உள்ளே போனார். மோசஸ் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்தவங்க எத்தினி பேரு?"

"போன மாசத்தவிட இருபத்தாறு பேரு ஜாஸ்தி."

"பொன்னி?"

மோசஸ் துடைப்பதை நிறுத்தினார். "மாத்திரை வாங்கிகினு போச்சி. வெரல நீட்டச் சொல்லிப் பாத்தாரு டாக்டரு. சுண்டு விரல் நீளல. அது இனிமே திரும்பாது பாய். பக்கத்து விரல்ல கொஞ்சம் பலம் இருக்குது. விடாம வந்தா மத்ததெல்லாம் தப்பிக்கும்."

ஜெயினுலாபுதீன் பெஞ்சில் உட்கார்ந்தார். மோசஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் டம்ளரை வாங்கிக் குடித்தார்.

"எத்தினி நாளு விடாம வரணும்?"

"இன்னும் அஞ்சு வருஷமாவது."

காடாத் துணிப் பை இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது. அதற்குள் இந்தக் கலர் ஊரில் குறைந்துபோனால், மிச்சம் வைத்திருக்கிறவர்கள் மறுபடியும் தனியாகத் தெரிவார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபாலகிருஷ்ணனின் பொங்கல் பைக்குத் துணி இன்னும் சொல்லவில்லை. நகைக்கடையை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். நூர்முகமதிடம், ஏழைகளுக்கு மட்டுமில்லாமல் மண்டிக்கு வருகிற எல்லாருக்கும் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

"செங்கல்பட்டுக்கு அடுத்த பஸ்ஸு எப்போ?" என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார்.